நுரையீரல் உயர் இரத்த அழுத்தமும் உயிர்க்குறிப்பான்களும்

இதயத்தின் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் எடுத்துச் செல்லும் தமனியில் அழுத்தம் கூடி நிற்கும் நிலைக்கு நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் என்று பெயர். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் 'பி.பி.'யில் இது தெரியாது. அந்த அளவு சரியாக இருக்கும் ஒருவருக்கே நுரையீரல் தமனியில் அழுத்தம் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகியிருக்கலாம். ஓய்வாக இருக்கும்போது அந்தத் தமனியின் சராசரி அழுத்தம் இயல்பில் 14 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும். 1973-இல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டம் 25 மி.மீ.யை நோயின் எல்லையாக வைத்தது. 2018-இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஆறாவது உலகக் கருத்தரங்கு அதை 20-க்கு இறக்கியது. 2022-இல் வெளிவந்த ஐரோப்பிய இதயவியல், சுவாசவியல் சங்கங்களின் நெறிமுறையும் 20-க்கு மேற்பட்டதையே நோய் என்கிறது. இந்த அளவை உறுதியாகச் சொல்ல ஒரே வழி, தொடை அல்லது கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளிருந்தே அழுத்தத்தை அளக்கும் வலது இதய வடிகுழாய்ப் பரிசோதனை.

அந்தப் பரிசோதனையை மாதாமாதம் செய்ய முடியாது. எக்கோவும் எல்லா இடத்திலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் உயிர்க்குறிப்பான்கள் பயன்படுகின்றன. இரத்தத்தில் அளக்கக்கூடிய, உடலின் ஒரு நிகழ்வைச் சுட்டும் பொருள் எதுவும் உயிர்க்குறிப்பான்தான். ஆனால் இந்த நோயில் அவற்றின் வேலை என்ன என்பதில் பரவலான குழப்பம் உண்டு. நுரையீரல் அழுத்தம் எவ்வளவு என்பதை எந்தக் குறிப்பானும் சொல்லாது. நோய் எதனால் வந்தது என்பதைச் சொல்பவையும் மிகச் சில. பெரும்பாலானவை சொல்வது ஒன்றைத்தான்: கூடிய அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் வலது கீழறை எந்த நிலையில் இருக்கிறது என்பது. மரணத்தைத் தீர்மானிப்பது அழுத்தத்தின் எண்ணைவிட அந்தக் கீழறையின் தாக்குப்பிடிக்கும் திறன் என்பதால், இந்த ஒரு செய்திக்கே மருத்துவத்தில் பெரும் மதிப்பு உண்டு.

வட சென்னையின் நோய்க்கலவை

இந்நோய் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் வகுப்பில் நுரையீரலின் சிறு தமனிகளே தடித்துச் சுருங்கும் தமனி நோய். இரண்டாவதில் இடது இதய நோயின் பின்விளைவு. மூன்றாவதில் நுரையீரல் நோயும் ஆக்சிஜன் குறைவும். நான்காவதில் கரையாத இரத்தக்கட்டி அடைப்பு. ஐந்தாவதில் காரணம் தெளிவில்லாதவையும் பல காரணங்கள் சேர்ந்தவையும் அடங்கும். மேற்கத்திய பாடநூல்களில் அதிகப் பக்கங்கள் முதல் வகுப்புக்கே ஒதுக்கப்படுகின்றன. மருந்துகள் பெரும்பாலும் அதற்கே உருவாக்கப்பட்டவை. உயிர்க்குறிப்பான் ஆய்வுகளும் பெரும்பாலும் அதிலேயே நடந்தவை. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து மூச்சுத் திணறலோடு வருபவர்களின் நிலை வேறு.

பழைய வண்ணாரப்பேட்டைக்கும் ராயபுரத்துக்கும் இடையில், பழைய சிறைச்சாலைச் சாலையில் இருக்கிறது அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1782-இன் பஞ்சத்தின்போது கஞ்சித்தொட்டியாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்த இந்த மருத்துவமனை, 1938-இல் முழு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. துறைமுகச் சுமைதூக்குவோர், காசிமேட்டு மீனவர், மணலி, எண்ணூர் ஆலைத் தொழிலாளர், எம்.சி. ரோடு ஜவுளிக்கடைப் பணியாளர் என்று பலருக்கும் இதுவே முதன்மையான பெரிய ஆஸ்பத்திரி. தாம்பரத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இதன் கிளை, ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் அப்படியே. இதயம், நுரையீரல், கல்லீரல், மகப்பேறு ஆகிய நான்கு வாசல்களில் எதன் வழியாகவும் இந்நோய் உள்ளே வரலாம்.

முதலில் இடது இதயம். சிறுவயதில் தொண்டை வலியோடு தொடங்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று, நெருக்கமான குடியிருப்புகளில் எளிதில் பரவுகிறது. அது ருமாட்டிக் காய்ச்சலாகி, ஆண்டுகள் கழித்து மிட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. சுருங்கிய வால்வுக்குப் பின்னால் இரத்தம் தேங்கி, இடது மேலறை விரிந்து, நுரையீரல் சிரைகளிலும் பின்னர் தமனிகளிலும் அழுத்தம் ஏறுகிறது. தென்னிந்தியாவின் பெரிய பதிவேடான கேரள நுரையீரல் உயர் இரத்த அழுத்தப் பதிவேடு, 50 மருத்துவமனைகளில் 2003 நோயாளிகளைச் சேர்த்தது. அவர்களில் 59 சதவீதத்தினருக்குக் காரணம் இடது இதய நோய். எக்கோ அடிப்படையில் தொகுத்த எண் என்பதால் இதில் சில வரம்புகள் உண்டு என்றாலும், எந்தப் பக்கம் எடை கூடுதல் என்பதில் ஐயமில்லை.

அடுத்தது நுரையீரல். காசநோய்க்கும் சென்னைக்கும் நீண்ட தொடர்பு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுவதும் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிடுவதும் குணமாவதில் சமம் என்று நிறுவியது. உலகின் காசநோய்ச் சிகிச்சை அதன் பிறகு மாறியது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கிருமி ஒழிந்துவிட்டாலும் நுரையீரலில் தழும்பும் குழியும் விரிந்த மூச்சுக்குழல்களும் மிஞ்சுகின்றன. அழிந்த பகுதியோடு அங்கிருந்த தந்துகிகளும் அழிவதால், மீதமுள்ள குழாய்களில் முழு இரத்தமும் ஓட வேண்டியிருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. பீடி, விறகடுப்பு, நிலக்கரித் தூசு, அனல்மின் நிலையச் சாம்பல் ஆகியவற்றால் வளரும் சி.ஓ.பி.டி. என்னும் நாட்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் இதோடு சேர்ந்துகொள்ளும். ஆலைப்புகையே நுரையீரல் தமனியைக் கெடுக்கிறது என்று நேர்கோட்டில் சொல்லிவிடுவது மிகை. மூச்சுக்குழல் நோயின் வழியாகவும் ஆக்சிஜன் குறைவின் வழியாகவும்தான் அது பெரும்பாலும் வேலை செய்கிறது.

பிஎன்பியும் என்டி-புரோபிஎன்பியும்

இன்று மருத்துவமனைகளில் நிலைபெற்றுவிட்ட குறிப்பான்கள் இவை இரண்டும்தான். 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றி மூளையிலிருந்து பிஎன்பியைப் பிரித்தெடுத்தனர். பிறகுதான் அதைப் பெருமளவில் சுரப்பது இதயத்தின் கீழறைத் தசை என்பது தெரியவந்தது. தசை நீட்டப்படும்போதும் சுமை ஏறும்போதும் 108 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடிப் புரதம் உருவாகி இரண்டாக வெட்டப்படுகிறது. 32 அமினோ அமிலங்கள் கொண்ட பிஎன்பி வேலை செய்யும் ஹார்மோன். உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி, குழாய்களைத் தளர்த்தும். மீதி 76 அமினோ அமிலங்கள் கொண்ட என்டி-புரோபிஎன்பி வேலையற்ற துண்டு. ஆனால் ஆய்வகத்துக்கு அந்த வேலையற்ற துண்டுதான் வசதி. பிஎன்பியின் அரையாயுள் சுமார் 20 நிமிடம். என்டி-புரோபிஎன்பி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். எடுத்த மாதிரியிலும் அறை வெப்பத்தில் கெடாமல் இருக்கும். மீஞ்சூரிலோ எண்ணூரிலோ காலையில் எடுத்த இரத்தம், சென்னை வெயிலில் பைக்கில் வந்து மாலையில் கருவிக்குள் போகிற ஊரில் இது சிறிய விஷயமல்ல. பிஎன்பி என்றால் இடிடிஏ கலந்த பிளாஸ்டிக் குழாயில் எடுத்து, குளிரில் வைத்து, சீக்கிரம் ஓட்ட வேண்டும்.

இந்த ஹார்மோனின் முன்கணிப்பு மதிப்பை எடுத்துக்காட்டிய ஆரம்பகால ஆய்வு 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து வந்தது. காரணம் தெரியாத நுரையீரல் தமனி நோய் கொண்ட 60 பேரில், தொடக்கத்தில் பிஎன்பி கூடுதலாக இருந்தவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தனர். சிகிச்சைக்குப் பிறகும் மில்லிலிட்டருக்கு 180 பைகோகிராமுக்கு மேல் நின்றவர்களின் நிலை இன்னும் மோசம். தொடக்க எண்ணைவிட, சிகிச்சைக்குப் பின் அது எங்கே போய் நிற்கிறது என்பதே முக்கியம் என்ற பாடம் அன்றிலிருந்து மாறவில்லை.

இடது இதய நோய் நிறைந்த ஊரில் இந்த எண்ணைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இடது கீழறை நோயுற்றாலும் பிஎன்பி ஏறும். வலது கீழறை நோயுற்றாலும் ஏறும். இரத்தத்தில் கலந்தபின் எந்த அறை சுரந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் சுருங்கிய மிட்ரல் வால்வு ஒரு விலக்கு. அங்கே இடது கீழறை பாதுகாக்கப்பட்டே இருக்கிறது. அதற்கு வரும் இரத்தம் குறைவு, சுமையும் குறைவு. எனவே வால்வுச் சுருக்கம் மட்டுமே உள்ளவரிடம் என்டி-புரோபிஎன்பி ஏறினால் அது விரிந்த இடது மேலறையையும் அழுத்தம் தாங்கும் வலது கீழறையையும் காட்டுகிறது. வால்வை பலூனால் விரித்தபின் எண் இறங்குவது இதனால்தான். இறங்காவிட்டால் வால்வு போதுமான அளவு திறக்கவில்லையா, நுரையீரல் தமனிகள் ஏற்கெனவே நிரந்தரமாகத் தடித்துவிட்டனவா என்று தேட வேண்டும்.

எண்ணைத் திரிக்கும் வேறு காரணங்களும் உண்டு. வயது கூடினாலும், சிறுநீரகம் பழுதடைந்தாலும், இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தாலும் என்டி-புரோபிஎன்பி ஏறும். உடல் பருமன் உள்ளவர்களிடம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருக்கும். ருமாட்டிக் வால்வு நோயில் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பு சகஜம் என்பதால் இரண்டு காரணங்கள் ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கலாம். இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் சாக்குபிட்ரில் அடங்கிய மருந்து பிஎன்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், அதைச் சாப்பிடுபவரிடம் பிஎன்பியை நம்பக்கூடாது; என்டி-புரோபிஎன்பி மட்டுமே சரி. முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் வாங்கும் அதிக அளவு பயோட்டின் மாத்திரை சில கருவிகளின் அளவீட்டையே குழப்பும். இதை நோயாளியிடம் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாது.

எண்ணைப் படிக்கும் முறை

மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் என்டி-புரோபிஎன்பி லிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் இருந்தால் திடீர் இதயச் செயலிழப்பு இல்லை என்று ஒதுக்கலாம். நுரையீரல் தமனி நோயில் அதே 300 வேறு பொருள் தருகிறது: நோய் உறுதியாகி, சிகிச்சையில் இருப்பவருக்கு 300-க்குக் கீழ் என்றால் அவர் குறைந்த ஆபத்து நிலையில் இருக்கிறார். ஒரே எண்ணை இரண்டு இடத்திலும் ஒரே பொருளில் படிப்பது பயிற்சி மருத்துவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

2022 நெறிமுறையின்படி நோய் கண்டறியும்போது என்டி-புரோபிஎன்பி 300-க்குக் கீழ் என்றால் குறைந்த ஆபத்து, 300 முதல் 1100 வரை இடைநிலை, 1100-க்கு மேல் அதிக ஆபத்து. பிஎன்பிக்கு அந்த எல்லைகள் 50-உம் 800-உம். அதிக ஆபத்து என்பதன் பொருள், ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல். குறைந்த ஆபத்தில் அது 5 சதவீதத்துக்குக் கீழ். தொடர் கண்காணிப்பில் இடைநிலை இரண்டாகப் பிரிக்கப்பட்டு நான்கு படிகளாகிறது. அப்போது மூன்றே அளவுகள் போதும்: அன்றாட வேலையில் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்னும் செயல்திறன் வகுப்பு, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், இந்த இரத்தச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் தந்து சராசரியை முழு எண்ணாக்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. சமையலறையிலிருந்து வாசல்வரை வருவதற்குள் மூச்சு வாங்கும் ஒருவர் மூன்றாம் செயல்திறன் வகுப்பு, மதிப்பெண் 3. ஆறு நிமிடத்தில் 350 மீட்டர் நடக்கிறார்; 320-க்கும் 440-க்கும் இடையே என்பதால் 2. என்டி-புரோபிஎன்பி 700, 650-க்கும் 1100-க்கும் இடையே என்பதால் 3. கூட்டினால் 8, மூன்றால் வகுத்தால் 2.67, முழு எண்ணாக 3, அதாவது இடைநிலையின் மேற்படி. மருந்தைக் கூட்டிய சில மாதங்களில் அவரே இரண்டாம் செயல்திறன் வகுப்புக்கு (முதல் இரண்டுக்கும் மதிப்பெண் 1) வந்து, 400 மீட்டர் நடந்து, எண் 420-க்கு இறங்கினால் மதிப்பெண்கள் 1, 2, 2, சராசரி 1.67, இடைநிலையின் கீழ்ப்படி. முன்னேற்றம்தான், ஆனால் இலக்கு இன்னும் எட்டவில்லை. நெறிமுறை இந்த நிலையிலும் மருந்தைக் கூட்டுவதைப் பரிசீலிக்கச் சொல்கிறது.

இந்த மூன்றில் இரத்தச் சோதனைக்குத் தனி மதிப்பு இருப்பதற்கு வட சென்னை நல்ல எடுத்துக்காட்டு. செயல்திறன் வகுப்பு நோயாளியின் சொல்லை நம்பியது. மூட்டை தூக்குபவர் முதல் சரிவிலேயே மூச்சு வாங்குவதைக் கவனித்துவிடுவார். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் நோய் முற்றும்வரை எதையும் உணரமாட்டார். பலர் மாடிப்படியைத் தவிர்த்து, சந்தைக்குப் பிள்ளையை அனுப்பி, வாழ்க்கையை மூச்சுக்கேற்பக் குறுக்கிக்கொண்டு "இப்போ பரவாயில்லை" என்பார்கள். நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நேர் வராந்தா வேண்டும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அது எளிதில் கிடைப்பதில்லை. முட்டி வலியும் வாதமும் தூரத்தைக் குறைத்துவிடும். இரத்தத்தில் உள்ள எண்ணுக்கு இந்தச் சமாளிப்புகள் தெரியாது.

ஆனால் ஒரே நோயாளியிடம் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இந்த எண் தானாகவே கணிசமாக மாறும். 520 என்பது 460 ஆனதில் மகிழ்வதற்கோ 580 ஆனதில் மருந்து மாற்றுவதற்கோ காரணமில்லை. 2023-இல் வெளிவந்த ஸ்டெல்லார் ஆய்வு, சொட்டாடர்செப்ட் என்ற புதிய மருந்தைச் சோதித்தபோது, 30 சதவீதமாவது குறைவதையோ 300-க்குக் கீழ் வருவதையோதான் முன்னேற்றமாக ஏற்றது. அன்றாடச் சிகிச்சையிலும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆய்வகம், ஒரே கருவி, ஒரே குறிப்பான் என்ற ஒழுங்கு இருந்தால்தான் தொடர்வரிசைக்குப் பொருள் உண்டு. ஒரு மாதம் பிஎன்பி, மறுமாதம் வேறொரு லேபில் என்டி-புரோபிஎன்பி என்று சேர்த்த தாள்களை ஒப்பிட முடியாது.

இந்தப் படிநிலைகள் எல்லாம் முதல் வகுப்பு நோயாளிகளிடம் சரிபார்க்கப்பட்டவை. இடது இதய நோயாளிக்கும் காசநோய்த் தழும்பு நுரையீரல் உள்ளவருக்கும் அவற்றை அப்படியே பொருத்துவதற்கு ஆதாரம் இல்லை. இந்த வேறுபாடு சிகிச்சையில் நேரடியாக வந்து முடிகிறது. நுரையீரல் தமனி நோய்க்கான சில்டெனாபில் மருந்து இந்தியாவில் மலிவாகக் கிடைக்கிறது; எக்கோவில் அழுத்தம் கூடுதல், இரத்தத்தில் என்டி-புரோபிஎன்பி கூடுதல் என்ற இரண்டை மட்டும் வைத்து அதை எழுதிவிடும் ஆசை எளிதில் வரும். மூன்றாம் வகுப்பில் சில மருந்துகள் தீங்கே செய்திருக்கின்றன: காரணமறியா நுரையீரல் நார்த்திசு நோயில் ஆம்ப்ரிசென்டான், அதே குடும்ப நோய்களோடு சேர்ந்த உயர் அழுத்தத்தில் ரியோசிகுவாட் ஆகிய இரண்டின் ஆய்வுகளும் இடையிலேயே நிறுத்தப்பட்டன. மாறாக, 2021-இல் வெளியான இன்கிரீஸ் ஆய்வில், இடைத்திசு நுரையீரல் நோயாளிகளிடம் மூச்சில் இழுக்கும் டிரெப்ரோஸ்டினில் பயன் தந்தது. 16 வாரங்களில் என்டி-புரோபிஎன்பி மருந்துக் குழுவில் 15 சதவீதம் குறைய, மற்ற குழுவில் 46 சதவீதம் ஏறியது. வகுப்பு தெரியாமல் எண்ணை மட்டும் துரத்துவது சிகிச்சை ஆகாது.

காரணத்தைத் தேடும் சோதனைகள்

நோயின் வேரைத் தேடும் இரத்தச் சோதனைகள் வேறு வகை. அவை ஒரு முறை செய்யப்படுபவை. வலது கீழறையைப் பற்றி எதுவும் சொல்லாதவை. எச்ஐவி சோதனை அவற்றில் கட்டாயம். அத்தொற்று உள்ளவர்களில் சுமார் இருநூறு பேரில் ஒருவருக்குத் தமனி நோய் வரலாம். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான், 1986-இல், மருத்துவர் சுனிதி சாலமனின் குழுவால். தைராய்டு ஹார்மோன், கல்லீரல் நொதிகள், மஞ்சள் காமாலை வைரஸ் சோதனைகள், ஆன்டிநியூக்ளியர் எதிர்ப்பொருள் ஆகியவையும் முதல் சுற்றில் வரும்.

தோல் இறுகும் ஸ்கிளெரோடெர்மா நோயாளிகளிடம் மட்டும், அறிகுறி தெரியும் முன்பே தமனி நோயைத் தேடும் முறை வளர்ந்திருக்கிறது. 2014-இல் வெளிவந்த டிடெக்ட் ஆய்வு 466 பேரை வடிகுழாய்ப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. 19 சதவீதத்தினருக்கு நோய் இருந்தது. இரத்தத்தில் என்டி-புரோபிஎன்பி, யூரிக் அமிலம், ஆன்டிசென்ட்ரோமியர் எதிர்ப்பொருள். தோலில் சிவந்த நுண்குழாய்ப் புள்ளிகள். நுரையீரல் திறன் சோதனையின் ஒரு விகிதம். இசிஜியில் வலப்புறச் சாய்வு. இந்த ஆறும் முதல் படி. அதில் தேறாதவர்களுக்கே எக்கோ. அதிலும் தேறாதவர்களுக்கே வடிகுழாய். இந்த முறையில் தவறிய நோயாளிகள் 4 சதவீதம். அன்றைய நெறிமுறையைப் பின்பற்றியிருந்தால் 29 சதவீதம் தவறியிருப்பார்கள். பல குறிப்பான்களைச் சேர்த்துப் பயன்படுத்துவது தனியொன்றைவிட எவ்வளவு மேல் என்பதற்கு இத்துறையில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

நுரையீரலில் கட்டி அடைத்து உயிர் தப்பியவர்களில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு அந்தக் கட்டி கரையாமல் நாராகி நின்றுவிடுகிறது. இதை டி-டைமர் காட்டாது; டி-டைமர் இயல்பாக இருப்பதால் நான்காம் வகுப்பை ஒதுக்கக்கூடாது; காற்றோட்ட-இரத்தவோட்ட ஸ்கேன்தான் வழி. அறுவையால் முழுமையாகக் குணமாகக்கூடிய வகுப்பு இது என்பதால், இங்கே தவறுவது மன்னிக்க முடியாத தவறு. ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் சோதனை இவர்களுக்கு மிகவும் தேவை. அது இருந்தால் எந்த இரத்த உறைவுத்தடுப்பி என்பதே மாறும்.

மரபணுவில் பிஎம்பிஆர்2 முக்கியமானது. 2000-இல் இனங்காணப்பட்ட இதன் பிறழ்வு, குடும்பத்தில் பலருக்கு நோய் வரும் வீடுகளில் பெரும்பாலானவற்றிலும் தனித்து வருபவர்களில் சிறு பங்கிலும் காணப்படுகிறது. பிறழ்வு இருந்தும் நோய் வராதவர்கள் பலர். அதனால் மரபணு ஆலோசனை இல்லாமல் இந்தச் சோதனையை வெறும் தாளாகக் கொடுப்பது குடும்பத்துக்குத் தீங்கு.

துணைக் குறிப்பான்கள்

வழக்கமான இரத்தச் சோதனைகளே சில நேரம் புதிய குறிப்பான்களைவிட அதிகம் சொல்லும். வலது கீழறை தளர்ந்து சிரைகளில் இரத்தம் தேங்கினால் கல்லீரல் வீங்கி பில்லிருபின் ஏறும், சிறுநீரகத்துக்கு ஓட்டம் குறைந்து கிரியேட்டினின் ஏறும், சோடியம் இறங்கும். 2008-இல் வந்த ஓர் ஆய்வு, சோடியம் 136 மில்லிமோல் அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களின் வாழ்நாள் குறைவு என்று காட்டியது. யூரிக் அமிலம் திசுக்களின் ஆக்சிஜன் பற்றாக்குறையைக் காட்டினாலும், நீர் பிரிக்கும் மாத்திரையும் அதை ஏற்றிவிடும். டிரோபோனின் இதயத்தசை சிதைவதற்கு அடையாளம். 2003-இல் 56 நோயாளிகளை ஆராய்ந்தபோது டிரோபோனின் டி கண்டறியப்பட்டது 14 சதவீதத்தினரிடம்தான்; ஆனால் அவர்களின் நிலை மிக மோசமாக இருந்தது. இன்றைய நுண்ணுணர்வுச் சோதனைகள் அதைவிடப் பலரிடம் காட்டுகின்றன. நெஞ்சு வலியில்லாமல் டிரோபோனின் லேசாக ஏறியிருப்பதை மாரடைப்பு என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் அதோடு வந்திருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு தனிக் கவனத்துக்குரியது. தமிழகப் பெண்களிடம் இரத்தசோகை பரவலாக உள்ளது, தமனி நோயாளிகளிடம் அது நடைதூரத்தைக் குறைக்கிறது, சரிசெய்யவும் எளிது.

ஸ்டான்லியில் கல்லீரல் மாற்று அறுவை நடக்கிறது என்பதால் போர்ட்டோபல்மனரி எனப்படும் வகையும் இங்கே பேசப்பட வேண்டியது. கல்லீரல் சுருங்கியவரிடம் இரத்தவோட்டமே வேகமாக இருப்பதால் பிஎன்பி ஓரளவு ஏறித்தான் இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க இயலாது. சராசரி நுரையீரல் அழுத்தம் 35 மி.மீ.க்கு மேல் போனால் மாற்று அறுவையின் ஆபத்து கூர்மையாக ஏறுகிறது. அந்த எண்ணை வடிகுழாய் மட்டுமே தரும்.

கருத்தரிப்பு

நுரையீரல் தமனி நோயில் கருத்தரிப்பு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நான்காம் நிலை. அதாவது தவிர்க்கப்பட வேண்டியது. கடுமையான மிட்ரல் சுருக்கமும் அதே நிலையில் வைக்கப்பட்டுள்ளது. கருவுற்றபின் இரத்தத்தின் கன அளவு பாதியளவு வரை கூடுவதால், அதுவரை தெரியாத வால்வு நோய் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் மூச்சுத் திணறலாக வெளிப்படுகிறது. 2016 முதல் 2019 வரை மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி தொகுத்த கர்ப்பகால இதயநோய்ப் பதிவேட்டில் ருமாட்டிக் நோயே முதலிடம் பெற்றது. பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இதயநோய் இருப்பது கர்ப்பத்தில்தான் முதன்முறையாகத் தெரியவந்தது.

கர்ப்பிணியின் மூச்சு வாங்கல் எப்போது இயல்பு, எப்போது நோய் என்பது பழகிய கைக்கும் கடினம். பிறவி இதயநோய் உள்ள கர்ப்பிணிகளிடம் நெதர்லாந்தில் நடந்த ஸஹாரா ஆய்வு, இருபதாவது வாரத்தில் என்டி-புரோபிஎன்பி 128-க்குக் கீழ் இருந்தால் இதயச் சிக்கல் வர வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டியது. எல்லை வேறு நோய்க்கு வகுக்கப்பட்டது என்றாலும், குறைந்த எண் தரும் நிம்மதி இங்கேயும் பயன்படும். கூடிய எண் எக்கோவைத் தள்ளிப்போடாதே என்கிறது. உயர் இரத்த அழுத்தத்தோடு கூடிய கர்ப்பகால நச்சுநிலையிலும் அது ஏறும் என்பதை மறக்கக்கூடாது.

மருந்துக் கண்காணிப்பு

எண்டோதீலினைத் தடுக்கும் போசென்டான் கல்லீரலைப் பாதிக்கலாம். மாதந்தோறும் கல்லீரல் நொதிகளைப் பார்க்க வேண்டும். அந்த வகை மருந்துகள் அனைத்துமே ஹீமோகுளோபினைக் குறைக்கும், கருவைப் பாதிக்கும். மருந்து தொடங்குமுன் கர்ப்பச் சோதனை அவசியம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்த உறைவை அளக்கும் ஐஎன்ஆர் சோதனை தேவை. 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சொட்டாடர்செப்ட், போசென்டான் வகைக்கு நேர்மாறாக, ஹீமோகுளோபினை ஏற்றி, தட்டணுக்களைக் குறைக்கிறது. நிலையாக உள்ளவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்டி-புரோபிஎன்பியோடு இவற்றையும் ஒரே ஊசியில் எடுத்துவிடுவது நோயாளியின் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும்.

ஆராய்ச்சியில் உள்ளவை

எண்டோதீலின்-1, வளர்ச்சிக் காரணி ஜிடிஎப்-15, நைட்ரிக் ஆக்சைடைத் தடுக்கும் ஏடிஎம்ஏ, மைக்ரோ ஆர்என்ஏக்கள் என்று பலவும் சோதிக்கப்பட்டுள்ளன. 2017-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒன்பது புரதங்களின் தொகுப்பு வாழ்நாளை முன்கூட்டிச் சொல்வதைக் காட்டினர். அவர்களின் நோக்கம், வலது கீழறையைத் தாண்டி, நோயுற்ற குழாய்ச் சுவரிலிருந்தே செய்தி பெறுவது. இன்றைய குறிப்பான்களின் பெரும் குறை அங்கேதான் இருக்கிறது. காசநோய்க்குப் பின்னும் ருமாட்டிக் வால்வு நோயிலும் வரும் உயர் அழுத்தத்துக்கு இத்தகைய ஆய்வுகள் மிகக் குறைவு. நோயாளிகள் அதிகமாக உள்ள வட சென்னை போன்ற இடங்களில்தான் அவை நடக்க வேண்டும். இப்போதைக்கு அன்றாட மருத்துவத்தில் இடம்பெற்று, ஆபத்து மதிப்பெண்ணிலும் சேர்க்கப்பட்டிருக்கும் இதய ஹார்மோன் குறிப்பான்கள் பிஎன்பியும் என்டி-புரோபிஎன்பியும் மட்டுமே. நோயை உறுதி செய்வது இன்றும் வடிகுழாய்ப் பரிசோதனைதான்.